நாற்பத்தொரு சிப்பத்துக்கு நான் முடிச்சுப் போடவில்லை

அன்று காலை பண்டகசாலையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி இருந்தார். தேங்காய்ப்பட்டணத்துக்காரர். பண்டகசாலையும் அதிலிருந்த கருவாடும் அவருடையவை.

தண்டல் சூசை இருந்தார். கொழும்புக்குப் போகும் பாய்த்தோணியை நடத்துகிறவர். தோணி கரைக்கு அப்பால் நங்கூரத்தில் நின்றது.

மிக்கேல் இருந்தான். கருவாட்டை ஓலைப்பாயில் சுற்றி, கயிறு போட்டு, சிப்பமாகக் கட்டுகிறவன்.

ரோசம்மாள் இருந்தாள். மீனைக் கீறி உப்பிட்டுக் காயப்போடுகிற பெண்களுக்காகப் பேசுகிறவள். என்னையும் சேர்த்து நாங்கள் முப்பத்தொரு பேர்.

தபால்காரர் இருந்தார். குளச்சலிலிருந்து மணலில் நடந்து வந்தவர். கையில் ஒரு தந்தி.

நான் இருந்தேன். செபத்தியம்மாள். தரம் பார்க்கிறவள்.

கூட்டுறவுக் கொட்டிலில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகள், என் வேலையைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும். எந்த மீனை எப்படிக் கீறுவது, எத்தனை வெயில் போடுவது என்பதை நீங்கள் கைவைத்தே படித்துக்கொள்வீர்கள். அதை எழுதவில்லை. எல்லோரும் சேர்ந்து நெருக்குகிற நேரத்தில் என்ன செய்வது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. தரம் பார்க்கிறவள் சிப்பத்துக்குள் கைவிட்டுப் பார்ப்பாள். சரியென்று கண்டால் கட்டுக்கயிற்றின் மேல் பனைநாரால் தன் முடிச்சைப் போடுவாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு முடிச்சு. என்னுடையது மூன்று சுற்று, நுனி உள்ளே. கொழும்பில் சரக்கெடுக்கும் தரகர்கள் முடிச்சைப் பார்ப்பார்கள். தெரிந்த முடிச்சானால் சிப்பத்தைப் பிரிக்க மாட்டார்கள். அப்படியே தராசில் ஏற்றி, அப்படியே மலைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். பிரித்துப் பார்த்தால் கருவாடு உடையும், விலை இறங்கும். பிரிக்காமல் போகிற சிப்பத்துக்குத்தான் முழு விலை.

தந்தி கொழும்பிலிருந்து வந்தது, இங்கிலீஷில் இருந்தது. தபால்காரர்தான் வாசித்துச் சொன்னார். வருகிற முதல் தேதியிலிருந்து இலங்கையில் கருவாட்டுக்கு இறக்குமதித் தீர்வை ஏறுகிறது. இருக்கிற சரக்கை உடனே அனுப்பவும்.

"எம்புட்டு ஏறுது?" என்று கேட்டார் முதலாளி.

"அது போடல. ரொம்பன்னு மட்டும் போட்டிருக்கு."

"தந்தியில ஒவ்வொரு வார்த்தைக்கும் காசுல்லா?" என்றார் தண்டல். "காசு குடுத்து ரொம்பன்னு போட்டிருக்கான்னா, ரொம்பத்தான்."

யாரும் சிரிக்கவில்லை.

அது எல்லா விலையும் இறங்கிக் கிடந்த காலம். சீமையில் தேயிலைக்கு விலை இல்லை என்றார்கள். நாங்கள் தேயிலையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் தேயிலை பறிக்கிறவர்கள்தான் எங்கள் கருவாட்டைச் சோற்றோடு தின்கிறவர்கள். தோட்டத்தில் ஆளைக் குறைத்தால் எங்கள் மணலில் மீன் மிஞ்சும். அதோடு இப்போது தீர்வை. அந்த நாட்டுக்காரர்கள் செய்ததைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கரையிலும் மீன் பிடிக்கிறவன் இருக்கிறான். அவன் பிழைக்க வேண்டும் என்று வேலி போட்டார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு யாரும் வேலி போடுவதில்லை.

பங்குனி முடிகிற சமயம். இனி மழைக்கு முன்பு வேறு தோணி கிடையாது. முதல் தேதிக்கு ஏழு நாள் இருந்தது. தண்டல் விரலை மடக்கினார்.

"இப்பம் போனா அஞ்சாம் நாளு கொழும்பு. நமக்கு முன்ன பத்துத் தோணி நிக்கும். எறக்க ஒரு நாளு. மிச்சம் ஒரே ஒரு நாளு. மத்தியானத்துக்குள்ள ஏத்தினா நான் போவேன். இல்லேன்னா வெறுந்தோணியா வீட்டுக்குப் போவேன்."

முதலாளி மணலைப் பார்த்தார். கிழக்குப் பக்கம் கிடந்த பாரை மீனும் கட்டா மீனும் மூன்று வெயில் கண்டவை. மேற்குப் பக்கம் கிடந்தவை ஒரு வெயில்தான். முந்தின இரண்டு நாளும் மேகம்.

"எல்லாத்தையும் வாரிக் கட்டு" என்றார் மிக்கேலிடம்.

அதற்கும் ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொன்னால்தான், அன்று நான் செய்தது உங்களுக்கு விளங்கும்.

அந்த வருஷம் உப்பு விலை ஏறியது. உப்பளத்தில் ஏறியதா, வரியில் ஏறியதா என்று எனக்குத் தெரியாது. இரண்டிலும் என்றார்கள். ஒரு கூடை மீனுக்கு ஐந்து தேங்காய்ச் சிரட்டை உப்பு என்பது எங்கள் அளவு. முதலாளி மூன்றாக்கச் சொன்னார்.

"எல்லாக் கரையிலயும் கொறச்சாச்சு. நாம மட்டும் என்னத்துக்கு உப்பக் கொண்டு மீனக் குளிப்பாட்டணும்?"

எங்களுக்கும் அது சரியென்று பட்டது. கடைசியில் மேலாக ஒரு கை உப்பைத் தேய்த்துவிட்டால் கருவாடு வெள்ளையாகத்தான் தெரியும். நான் கைவிட்டுப் பார்த்தேன். நடுமுள் பக்கம் மெத்தென்று இருந்தது. பெருவிரலுக்குத் தெரிந்தது. முடிச்சுப் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முதலாளி பக்கத்தில்கூட இல்லை. எல்லோரும் செய்கிறார்களே என்று நானாகச் செய்தேன்.

அடுத்த தோணியில் கொழும்புத் தரகர் ஒருவர் வந்து இறங்கினார். என்னைவிட இளையவர். பெயரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு சிப்பத்தைச் சுமந்துவரச் செய்து பெண்களுக்கு நடுவில் வைத்தார்.

"அக்கா, இது உங்கட முடிச்சுத்தானே?"

"ஆமா."

"நீங்களே அவிழுங்கோ."

அவிழ்த்தேன். நடுமுள் நெடுகச் சிவந்து கிடந்தது. நாற்றம் தாங்காமல் ரோசம்மாள் சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

"இதைப் பிரிக்காமல் தோட்டத்துக்கு அனுப்பினனான். அங்க சனம் திண்டுபோட்டு வயித்தால போய்க் கிடந்தது. உங்கட முகம் எனக்குத் தெரியாது அக்கா. முடிச்சுத்தான் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்தார். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தோணிக்குப் போனார். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்கள் பலர். அவர்களில் இவரைத்தான் முதலில் வைப்பேன்.

அந்தப் பருவம் முழுக்க எங்கள் பக்கத்துச் சிப்பம் ஒவ்வொன்றையும் கொழும்பில் பிரித்துப் பார்த்தார்கள். எங்களுடையதை மட்டுமல்ல. அடுத்த கரைக்காரர்கள் ஐந்து சிரட்டையைக் குறைக்காமல் போட்டவர்கள். அவர்களுடையதையும் பிரித்தார்கள். அங்கே தரம் பார்க்கிற ஒருத்தி என்னைத் தேடி வந்தாள்.

"ஏட்டி செபத்தி, நீங்க மூணு செரட்ட வச்சதுக்கு எங்க அஞ்சு செரட்ட என்னட்டி பாவம் செஞ்சுது?"

கேட்டுவிட்டு அவள் போனாள்.

உப்பில் ஏறியது கொஞ்சம். நாங்கள் மிச்சம் பிடித்ததும் கொஞ்சம். போனது கரை முழுவதற்கும் ஒரு பருவத்து விலை. வரியை ஒரு இடத்தில் போடுவார்கள், அது தெரிவது வேறு இடத்தில். உப்பில் போட்டால் மீனில் தெரியும். மீனில் தெரிந்தால் தோணியில் தெரியும். தோணி குறைந்தால் கயிறு திரிக்கிறவனுக்கும் பாய் முடைகிறவளுக்கும் தெரியும். ஒரு நாடு செழிப்பாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டால், நான் பாய் முடைகிறவள் வீட்டு அடுப்பைப் பார்த்துத்தான் சொல்வேன்.

அடுத்த பருவம் ஐந்து சிரட்டைக்கே திரும்பினோம். முதலாளியும் மறுக்கவில்லை. ஆனால் என் முடிச்சைப் பழையபடி பிரிக்காமல் எடுக்க இன்னும் இரண்டு பருவம் ஆனது. கெடுப்பதற்கு ஒரு தோணி போதும். திருப்பி எடுக்க எத்தனை தோணி என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி தந்தி வந்த நாளுக்கு வருகிறேன்.

உச்சிக்கு முன்பே மிக்கேல் எல்லாவற்றையும் கட்டிவிட்டான். நூற்றுநான்கு சிப்பம். நான் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் பார்த்தேன். நாரை எடுத்தேன், முடிச்சுப் போட்டேன். அறுபத்துமூன்று ஆயிற்று. அடுத்ததில் கைவிட்டேன். ஈரம். அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது, கடைசி வரைக்கும் போய்ப் பார்த்தேன். எல்லாம் மேற்குப் பக்கத்து மீன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"என்ன, நாரு தீந்துட்டா?" என்றார் முதலாளி.

"நாரு இருக்கு. மீனு காயல."

"தோணியில காத்து படும். போற போக்குலயே காஞ்சிரும்."

"பாயச் சுத்திக் கட்டின சிப்பத்துக்குள்ள எப்பிடி முதலாளி காத்துப் படும்?"

தண்டல் சிரித்துவிட்டார். முதலாளி அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

ரோசம்மாள் என் முன்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள்.

"எக்கா, ஒரு முடிச்சு போட்டா கையி ஒடிஞ்சா போவும்? இது போவலேன்னா மழைக்கு என்னத்தத் திங்க? ஒனக்க முடிச்ச அவிச்சா திங்க?"

அவள் கேட்டது நியாயம். மழை தொடங்கினால் மூன்று மாதம் தோணி வராது. வெயில் இருக்காது. கருவாட்டு வேலை இருக்காது. பருவத்துக் கடைசித் தோணி போகும்போது முதலாளி தருகிற கூலியில்தான் முப்பத்தொரு வீட்டிலும் அடுப்பு எரியும். சரக்கு போகவில்லையென்றால் கூலி இல்லை.

மிக்கேல் நாரைக் கையில் எடுத்தான்.

"முதலாளி, அந்த முடிச்சு எனக்கும் போட வரும். இத்தன வருசமா பாத்துட்டுத்தானே இருக்கேன்."

அவன் கெட்டவன் இல்லை. அவன் வீட்டில் நான்கு பிள்ளைகள்.

"போடு" என்றார் முதலாளி.

மீன் கீறுகிற கத்தி என் பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன். நான் முடிச்சுப் போட்ட சிப்பம் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

"மிக்கேலே, நீ ஒண்ணே ஒண்ணு போடு. நான் இந்த அறுவத்துமூணையும் அறுத்துருவேன்."

மிக்கேலின் கை அப்படியே நின்றது. ரோசம்மாள் வாயில் கை வைத்தாள். முதலாளி என்னையும் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?"

"இல்ல."

"தீர்வை ஏறினா இந்தச் சரக்கு நாறிப் போவும். வெளங்குதா ஒனக்கு?"

"தீர்வை ஏறினா பொறவு வாங்குறவன் எத வாங்குவான் முதலாளி? கூடுதல் காசும் குடுத்துட்டு அழுகினதையா வாங்குவான்? நல்லது எந்தக் கரையில உண்டுன்னு பாத்துத்தான் வாங்குவான். அன்னைக்கு இந்த முடிச்சு வேணும்."

இருபது வருஷத்தில் நான் அவரிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான். கத்தியை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"ஏத்துறதுன்னா இப்பம் ஏத்தணும்" என்றார் தண்டல். "காத்து நம்ம பஞ்சாயத்து முடியட்டும்னு நிக்காது."

முதலாளி தலைத் துண்டை அவிழ்த்து உதறினார். மறுபடியும் கட்டினார்.

"அறுவத்துமூணு போவட்டும். மிச்சம் நாப்பத்தொண்ணும் எனக்கு வேண்டாம். கூலிக்குப் பதிலா நீங்களே எடுத்துக்கிடுங்க. வித்தாலும் சரி, கடலுல தட்டினாலும் சரி. என்கிட்ட வந்து நிக்கப்பிடாது."

"சம்மதம்" என்றேன்.

மற்ற முப்பது பேரையும் கேட்காமல் சொன்னேன். முடிச்சுப் போடாதது என் வேலை. அதற்கு நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கூலி அவர்களுடையது. அதை நான் கேட்டிருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். நான் குழப்பினேன்.

தோணி பாய் விரித்துப் போயிற்று. மணலில் நாற்பத்தொரு சிப்பமும் நாங்களும் மிச்சம். நான் முதல் சிப்பத்தின் கயிற்றை அவிழ்த்து மீனை வெயிலில் பரப்பினேன். தனியாகத்தான் பரப்பினேன். நான்காவது சிப்பத்துக்கு ரோசம்மாள் வந்து உட்கார்ந்தாள்.

"ஒனக்காவ வரல. மீனு என்ன பண்ணிச்சு? அதுக்காவ வந்தேன்" என்றாள்.

பிறகு எல்லோரும் வந்தார்கள்.

மூன்று வெயில் வேண்டும். முதல் நாள் நல்ல வெயில். இரண்டாம் நாள் மேற்கே கறுத்தது. கோடை மழை ஒரு தூறல் விழுந்தால் போதும், எல்லாம் குப்பை. பெண்கள் ஆளுக்கொரு பாயோடு மீன் வரிசைக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். சோறு உண்ணப் போகவில்லை. நான்கைந்து துளி விழுந்தது. முப்பத்தொரு பாயும் ஒரே நேரத்தில் விரிந்தன. மேகம் கிழக்கே போய்விட்டது.

"செபத்தியக்காவப் பாத்துப் பயந்து போயிட்டு" என்றாள் ரோசம்மாள். "கத்தி வச்சிருக்கால்லா." அன்றுதான் அவர்கள் சிரித்தார்கள்.

காய்ந்துவிட்டது. ஆனால் ஈரத்தில் ஒரு தடவை கட்டி அவிழ்த்த கருவாடு கொழும்புக்கு ஆகாது. தோணியும் இல்லை. எங்கே விற்பது? வழி சொன்னது மிக்கேல்தான்.

"எனக்க மச்சான் வடசேரிப் பக்கம் வண்டி ஓட்டுதான். கும்பப்பூ அறுப்பு முடிஞ்சு களத்துல நெல்லு மலை மாதிரிக் கெடக்காம். வாங்க ஆளில்லியாம். ரங்கூன் அரிசி கப்பல்ல வந்து குமிஞ்சு போச்சாம்."

"அவிய கையில காசில்லன்னுதானே அதுக்கு அர்த்தம்?" என்றாள் ரோசம்மாள்.

"காசில்ல. நெல்லு உண்டு" என்றான் மிக்கேல்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான்கு வண்டி பிடித்தோம். வாடகைக்கும் கருவாடுதான்.

கொழும்பில் என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு அது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எல்லாக் கரைக்கும் அதே தந்தி போயிருந்தது. எல்லோரும் கிடந்ததை வாரிக் கட்டி அனுப்பியிருந்தார்கள். முதல் தேதிக்கு முன்பு துறைமுகத்தில் கருவாடு மலிந்து, விலை விழுந்து, பாதி அங்கேயே அழுகியது. தரகர்கள் கத்தியோடு நின்று கண்ட சிப்பத்தை எல்லாம் கிழித்துப் பார்த்தார்களாம். எங்கள் அறுபத்துமூன்றில் ஒன்றையும் தொடவில்லை. முழு விலைக்குப் போயிற்று. தண்டல் சூசை திரும்பி வந்து இதைச் சொன்னபோது நான் வலது கையைப் பார்த்துக்கொண்டேன். தீர்வை ஏறிய அடுத்த பருவத்தில் பல கரைகளுக்குத் தோணியே வரவில்லை. எங்களுக்கு வந்தது. அதற்கடுத்த பருவத்திலும் வந்தது. அப்போது முதலாளி கேட்டார்: "செபத்தி, நீ அன்னைக்கு அறுத்திருப்பியா?" "அறுத்திருப்பேன்" என்றேன். "தெரியும்" என்றார்.

அந்தச் சமயத்தில் ஒரு அதிகாரி கரையைப் பார்க்க வந்தார். வியாபாரம் பெருக என்ன வேண்டும் என்று கேட்டார். முதலாளி என்னைக் கைகாட்டினார். "உப்பு மலிவா வேணும். மிச்சத்த நாங்க பாத்துக்கிடுவோம்" என்றேன். எழுதிக்கொண்டு போனார். அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

இனி வடசேரி.

சந்தையில் வண்டியை அவிழ்த்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. முப்பத்தொரு பேரில் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். மற்றவர்கள் ஊரில் காத்திருந்தார்கள். வழியெல்லாம் ரோசம்மாள் ஒரே கணக்கைச் சொல்லிக்கொண்டு வந்தாள். முப்பத்தொரு வீடு. வீட்டுக்கு இரண்டு கோட்டை நெல் இருந்தால் மழைக்காலம் தாண்டிவிடும். ஒன்றரை என்றால் ஆவணியில் பட்டினி. ஒன்று என்றால் அவள் என்னை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள்.

முதலில் வந்தவர் ஒரு வயற்காரர். நரைத்த குடுமி. துண்டால் மூக்கை மறைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றினார்.

"வண்டிக்கு முன்ன வாசம் வந்து சேந்துட்டு. என்ன பிள்ளே, வெல?"

"காசு வேண்டாம். நெல்லு தாருங்க."

துண்டை எடுத்துவிட்டார்.

"நெல்லா? நெல்லு தானே கெடக்கு! எலி திங்குது, பெருச்சாளி திங்குது. ரங்கூன் அரிசி வந்த பொறவு மனுசன்தான் திங்கமாட்டேங்கான். காசு கேட்டிருந்தா போன்னு சொல்லிருப்பேன்." ஒரு பாரையை எடுத்து வளைத்துப் பார்த்தார். முகர்ந்தார். "நல்லாத்தான் இருக்கு. நல்ல சரக்க இங்க ஏன் கொண்டாந்திய? என்ன கொற இதுல?"

ரோசம்மாள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

"ஒரு வெயிலுல கட்டினது" என்றேன். "அவுத்து மறுபடியும் மூணு வெயிலு போட்டிருக்கு. கப்பலுக்கு ஆவாது. ஆடி பொறக்கும் முன்ன தின்னு தீத்துரணும். வச்சுப் பாத்தியன்னா செவந்து போவும்."

"எக்கா, வாய மூடு" என்று பல்லுக்குள் சொன்னாள் ரோசம்மாள்.

வயற்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சந்தைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஓய், இங்க வாரும்! கொறயச் சொல்லி விக்கதுக்கு ஒரு பொம்பள வந்திருக்கா, பாத்துக்கிடும்!"

வந்தார்கள். பேரம் பேசினார்கள். ஒருவர் பெரிய பாரை ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இதுக்கு ஒரு மரக்காலா? இது மீனா, மாடா?" என்றார். "மாடுன்னா ஏரு உழும். வேணும்னா கட்டிப் பாரும்" என்றாள் ரோசம்மாள். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு எடுத்தார். வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். நெல் மூட்டை வரத் தொடங்கியது. மத்தியானத்துக்குள் ஒரு வண்டி காலியானது. பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு. கடைசி வண்டியை மறுநாள் காலையில் விற்றோம்.

அந்த இரண்டு நாளில் எனக்கு ஒன்று விளங்கியது. அக்கரையில் போட்ட ஒரு சட்டம் எங்கள் மீனை நிறுத்தியது. எங்கிருந்தோ வந்த கப்பல் அவர்கள் நெல்லை நிறுத்தியது. அதைச் செய்தவர்களுக்கு எங்கள் இருவரையும் தெரியாது. அவர்கள்மேல் குறை சொல்லலாம். ஆனால் பதினைந்து மைலுக்குள் இருந்துகொண்டு, நெல் வைத்திருப்பவனுக்கும் மீன் வைத்திருப்பவளுக்கும் ஒருவரையொருவர் தெரியாமல் போனதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? பெரிய வாசல் அடைத்தால் அதையே பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. பக்கத்தில் யாரிடம் என்ன மிஞ்சிக் கிடக்கிறது என்று போய்க் கேட்க வேண்டும். பிள்ளைகளே, ரேடியோவில் தீர்வை ஏறியது என்று கேட்டதும் முகம் வாடிப்போகிறீர்கள். வாடுங்கள். பிறகு எழுந்து போய்க் கேளுங்கள்.

வந்த நெல்லை ஒரே குவியலாகக் கொட்டியிருந்தோம். அந்த நரைத்த குடுமிக்காரரே ஒரு அளவுகாரரைக் கூட்டிவந்தார். "கடலோரத்துப் பொம்பளைகள ஏச்சுட்டோம்னு நாளைக்குப் பேச்சு வரப்பிடாது" என்றார். அளவுகாரர் முண்டாசை இறுக்கிக் கட்டிக்கொண்டு மரக்காலைக் குவியலில் புதைத்தார். முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணாமல் "லாபம்" என்று சொல்லித் தட்டினார். பிறகு இரண்டு, மூன்று. இருபத்தொரு மரக்கால் ஒரு கோட்டை. கோட்டைக்கு ஒரு கல்லை ரோசம்மாள் தன் மடியில் போட்டாள். வண்டிக்காரர்களும் வந்து நின்றார்கள். குவியல் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் தரை தெரிந்தது. அளவுகாரர் கையால் கூட்டி வழித்துக் கடைசி மரக்காலை நிறைத்தார். தலைதட்டிக் கொட்டினார்.

ரோசம்மாள் மடியைத் தரையில் கவிழ்த்துக் கல்லை எண்ணினாள். நம்பாமல் மறுபடியும் எண்ணினாள்.

அறுபத்திரண்டு கோட்டை.